பிண வாடைக்கும் வயது உண்டு

பிண வாடை என்று பொத்தாம்பொதுவாக நாம் சொல்வது ஒரே வாடை இல்லை. இறந்து ஒரு மணி நேரமான உடலிலிருந்து காற்றில் கலப்பது வேறு, ஒரு வாரமான உடலிலிருந்து கலப்பது வேறு. மண்ணுக்குள் பல வருடம் கிடந்த எலும்பு என்றால் அது இன்னொரு கதை. இதைச் சொன்னால், "நாத்தம்னா நாத்தம்தானே, அதுல என்ன தினுசு?" என்று சிரிக்கிறார்கள். நம் மூக்கு அந்த அளவுக்குத்தான். சடலம் தேடும் நாயைப் பழக்குகிறவர்களுக்கு அந்தத் தினுசுகளில்தான் மொத்த வேலையும் இருக்கிறது.

எனக்குப் பிழைப்பு வேதியியல் ஆய்வகத்தில். கேஸ் குரோமட்டோகிராஃப் என்ற இயந்திரத்துக்குள் காற்றைச் செலுத்தி, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது என் வேலை. விடுமுறை நாட்களில் மோப்ப நாய்களை வைத்துக் காணாமல் போனவர்களைத் தேடும் தன்னார்வக் குழு ஒன்றோடு சுற்றுகிறேன். நாயைக் கையாளும் பொறுமை எனக்கு இல்லை. பயிற்சிக்கான மாதிரிகளைச் சேகரித்து, தேதி ஒட்டி, பூட்டி வைத்துப் பராமரிப்பது மட்டும் என் பொறுப்பு. குழுவில் எனக்குப் பேரே 'ஜாடி அக்கா'தான். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், என்ன செய்வது.

முதலில் அந்த ஒரு மணி நேரத்துச் சமாச்சாரம். இதயம் நின்றதும் செல்களுக்கு ஆக்சிஜன் போவது நிற்கிறது. உள்ளே அமிலம் ஏறுகிறது. செல்களின் நொதிகளே செல் சவ்வுகளைக் கரைக்கத் தொடங்குகின்றன. பக்கத்தில் உட்கார்ந்து அழுகிற மனிதர்களுக்கு அந்த நேரத்தில் எந்த வாடையும் தெரியாது. நாய்க்குத் தெரியுமா? ஹாம்பர்க்கில் இதைச் சோதித்தார்கள். ஆய்வு வெளிவந்தது 2008-ல். இறந்து 3 மணி நேரம்கூட ஆகாத இரண்டு உடல்களோடு சேர்த்துக் கம்பளத் துண்டுகளை வைத்தார்கள். சிலவற்றை 2 நிமிடம், சிலவற்றை 10 நிமிடம். பிறகு அந்தத் துண்டுகளைச் சுத்தமான துண்டுகளோடு கலந்து, காவல்துறையின் மூன்று நாய்கள் முன்னால் வைத்தார்கள். 10 நிமிடம் வைத்த துண்டுகளில் 65 நாட்கள் வரை நடந்த சோதனைகளில் 98 சதவீதம் சரியான பதில். 2 நிமிடம் மட்டும் வைத்தவற்றில் 35 நாட்கள் வரை 86 சதவீதம்.

இந்த ஆய்வை முதலில் படித்தபோது எண்களைவிட அந்தக் கம்பளம்தான் என்னை உலுக்கியது. உடல் அங்கே இல்லை, ரத்தக் கறை இல்லை, அழுகல் தொடங்கவே இல்லை. துணியில் ஒட்டிய காற்று மட்டும்தான். தடயம் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிற புலனாய்வாளர்கள் ஒவ்வொருவருக்கும் இதை அச்சடித்துக் கொடுக்கலாம்.

அடுத்த கட்டம் குடலிலிருந்து தொடங்குகிறது. உயிரோடு இருந்தவரை ஒழுங்காக இருந்த பாக்டீரியாக்களுக்கு இப்போது தடுக்க ஆளில்லை. புரதத்தையும் கொழுப்பையும் மாவுச்சத்தையும் பிரித்து மேய்கின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடு, அம்மோனியா, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு எல்லாம் உள்ளே சேர்ந்து வயிறு உப்புகிறது. கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் உடையும்போது டைமெத்தில் டைசல்ஃபைடு, டைமெத்தில் ட்ரைசல்ஃபைடு என்ற இரண்டு சேர்மங்கள் வெளிவருகின்றன. தூரத்திலிருந்தே நம் வயிற்றைப் புரட்டுவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு. ஈக்களுக்கு இதுதான் அழைப்பு. டைட்டன் ஆரம் என்ற ராட்சதப் பூ அதே டைமெத்தில் ட்ரைசல்ஃபைடைத் தானும் தயாரித்து ஈக்களை ஏமாற்றி வரவழைக்கிறது. டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் உடைந்தால் இண்டோல் என்ற சேர்மம் வருகிறது. மல்லிகை மணத்திலும் அது இருக்கிறது, அளவு மட்டும் மிகக் குறைவு. இதை ஒருமுறை குழுவில் சொல்லிவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

உடல் வெடித்துத் திரவம் மண்ணில் இறங்கும் கட்டத்தில் வாடை உச்சத்துக்குப் போகிறது. புழுக்கள் கூட்டமாகச் சேர்ந்து தின்னும் இடத்தில் வெப்பம் சுற்றுப்புறத்தைவிட நன்றாகவே ஏறும். வெப்பம் ஏறினால் ஆவியாவதும் ஏறும். பிறகு சதை தீர்ந்து, கொழுப்பு உடைந்த ப்யூட்ரிக் அமிலத்தின் புளித்த வாடை மேலெழுகிறது. அதுவும் அடங்கிய பின் தோலும் எலும்பும் மிஞ்சும் கட்டத்தில் வாடை மெலிந்து, ஆல்டிஹைடுகள் போன்ற சேர்மங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டிருக்கும். ஈரமும் ஆக்சிஜன் இல்லாமையும் சேர்ந்த இடமென்றால் கொழுப்பு சோப்புபோல உறைந்து பிண மெழுகாக மாறிவிடும். அந்த நிலையில் உடல் பல வருடம் அப்படியே நிற்கும். அதன் வாடை, காற்றோட்டமான இடத்தில் காய்ந்த உடலின் வாடையோடு ஒத்துப்போகாது.

இந்த இடத்தில் பலரும் கடாவரின், புட்ரெசின் என்ற இரண்டு பெயர்களை எடுத்துவிடுவார்கள். 1885-ல் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் பிரீகர் கண்டுபிடித்துப் பெயர் வைத்தவை. பெயரே பயமுறுத்துவதால் இன்றுவரை கட்டுரைக்குக் கட்டுரை வந்துவிடுகின்றன. எனக்கு அவற்றின்மேல் பெரிய மரியாதை கிடையாது. எந்த விலங்கின் சதை அழுகினாலும் இரண்டும் வரும். உயிருள்ள மனிதர்களின் உடலிலும் கொஞ்சம் உண்டு. உடலுக்கு மேலிருக்கும் காற்றைப் பிடித்து ஆராய்ந்த பல ஆய்வுகளில் இவை அகப்படவே இல்லை. நாய் எதைக் கொண்டு மனிதனை அடையாளம் காண்கிறது என்று கேட்டால், இந்த இரண்டைக் காட்டுவது சரியான பதில் ஆகாது.

அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தில் வில்லியம் பாஸ் என்ற மானுடவியலாளர் 1980-களின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நிலத்தை உருவாக்கினார். தானமாகக் கிடைத்த உடல்களைத் திறந்தவெளியிலும் குழியிலும் நீரிலும் விட்டு, என்ன ஆகிறது என்று பதிவு செய்கிறார்கள். அங்கே புதைத்த உடல்களுக்கு மேலிருந்து எடுத்த காற்றில் அர்பாட் வாஸ் குழுவினர் 400-க்கும் மேற்பட்ட சேர்மங்களைப் பட்டியலிட்டார்கள். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 2015-ல் வெளியான ஆய்வு இன்னொரு பக்கத்திலிருந்து போனது. மனிதத் திசுவையும் பலவகை விலங்குகளின் திசுவையும் ஜாடிகளில் அழுகவிட்டு ஒப்பிட்டார்கள். மொத்தம் 452 சேர்மங்கள். அதில் 8 சேர்மங்களின் சேர்க்கை மனிதனையும் பன்றியையும் மற்ற விலங்குகளிடமிருந்து பிரித்தது. மனிதனைப் பன்றியிடமிருந்து பிரிக்க எஸ்டர் என்ற வகையைச் சேர்ந்த 5 சேர்மங்கள் தேவைப்பட்டன. ஐந்தே ஐந்து! பன்றிக்கும் நமக்கும் நடுவே அவ்வளவு குறுகலான சந்து. உடல் கிடைக்காத இடங்களில் பன்றிச் சதையை வைத்து நாய் பழக்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். புட்டியில் விற்கிற செயற்கைப் பிண வாடையும் அப்படித்தான். சில சேர்மங்களைக் கலந்தது எப்படி 400 சேர்மங்களின் இடத்தைப் பிடிக்கும்? எங்கள் குழு அதை வாங்குவதில்லை. நான் வாங்கவிடுவதில்லை என்பதுதான் சரி.

அதனால்தான் ஜாடிகள். சட்டம் அனுமதிக்கும் வழியில், மனமுவந்து கொடுத்தவர்களிடமிருந்து மட்டுமே வாங்குகிறோம். குழுவிலேயே உள்ளவர்கள் கொடுத்த ரத்தம் தோய்ந்த காஸ் துணி, பிரசவமானவர்கள் கொடுத்த நஞ்சுக்கொடி, பிடுங்கிய பல், அறுவை சிகிச்சையில் எடுத்த கொழுப்பு, பழைய எலும்புத் துண்டு, உடல் கிடந்த இடத்து மண். ஒவ்வொன்றையும் வயதுவாரியாகப் பிரித்து அடுக்குகிறேன். ஒரே நஞ்சுக்கொடியை வெட்டி, ஒரு துண்டை ஃப்ரீசரில் போட்டுக் கடிகாரத்தை நிறுத்துகிறேன். இன்னொரு துண்டை வெளியே விட்டு ஓடவிடுகிறேன். வாரம் தள்ளி வாரம் எடுத்து மறுபடி உறையவைத்தால், ஒரே உடலின் பல வயதுகள் என் அலமாரியில் வரிசையாக நிற்கும்.

இதெல்லாம் வீண் வேலை என்று புதிதாக வருகிறவர்களுக்குத் தோன்றும். அவர்களுக்கு மின்னியைக் காட்டுவேன். மின்னி எங்கள் குழுவின் ஷெப்பர்ட் பெண் நாய். வேறொரு குழுவிலிருந்து வந்தவள், அங்கே காய்ந்த எலும்பில் மட்டுமே பழகியவள். எலும்பென்றால் புல்லுக்கடியில் பல் ஒன்று கிடந்தாலும் போய் உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்தால், இங்கே இருக்கிறது என்று அர்த்தம். முதல் முறை அவளுக்குப் புதிய ரத்தத் துணியை ஒளித்து வைத்தோம். ஓடி வந்தவள் அந்தப் புதரைத் தாண்டிப் போய்விட்டாள். மூன்று நான்கு அடி போனதும் தலை மட்டும் வெடுக்கென்று திரும்பியது. திரும்பி வந்தாள். வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் இழுத்தாள். வாலை ஆட்டவில்லை, உட்காரவும் இல்லை. அவளைப் பழக்கிக் கையாளும் ஹேண்ட்லரை நாங்கள் எல்லோரும் 'அண்ணன்' என்போம். அவரை நிமிர்ந்து ஒரு பார்வை. அது நிச்சயமில்லாத பார்வை. ஏதோ இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிகிறது. ஆனால் அதற்குத்தான் பரிசாக விளையாட்டுப் பந்து கிடைக்குமா என்பது தெரியவில்லை.

"சொல்லிக் கொடுக்காததை எப்படி அக்கா சொல்லுவா?" என்றார் அண்ணன். அன்றைக்கே பந்தைக் கொடுத்தார். அதன் பிறகு புதியது, அழுகியது, காய்ந்தது என்று கலந்து கலந்து வைத்தோம். இப்போது எல்லாவற்றுக்கும் உட்காருகிறாள்.

அளவும் ஒரு பிரச்சினை. ஜாடியில் சில கிராம்களுக்கே பழகிய நாய் முழு உடல் கிடக்கும் இடத்துக்கு வந்தால் திணறிப் போகும். வாடை எல்லாத் திசையிலிருந்தும் வரும்போது மையம் எது என்று புரியாமல் சுற்றிச் சுற்றி வரும். சில நாய்கள் பின்வாங்கிவிடும். அதனால் பெரிய அளவு மாதிரி கிடைக்கும் பயிற்சிகளுக்காக மெனக்கெட்டு வெகுதூரம் போகிறோம்.

இன்னொரு தொல்லை நான். ஆமாம், நானேதான். எல்லா ஜாடியையும் நான் தொட்டு, நான் ஒளித்து வைத்தால், நாய் பிணத்தை விட்டுவிட்டு என் வாடையைத் தேடக் கற்றுக்கொள்ளும். அல்லது ஜாடி மூடியின் ரப்பரை, அல்லது கையுறையின் தூளை. நாய்க்கு எது சுலபமோ அதைத்தான் பிடிக்கும். அதற்காகக் காலி ஜாடிகளையும் அதே கையுறை, அதே ஃப்ரீசர், அதே பை என்று ஒரே மாதிரி நடத்தி, நிஜ ஜாடிகளுக்கு நடுவே ஒளிக்கிறோம். இறைச்சித் துண்டு, செத்த எலி, பழைய செருப்பு எல்லாம் கூட வைப்போம். செருப்பில் உட்கார்ந்தால் பந்து கிடையாது.

மூக்கைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வீர்கள். நமக்கு வாசனை உணரும் செல்கள் 50, 60 லட்சம். நாய்க்கு 20 கோடிக்கும் மேல். மோப்பம் பிடிக்கும்போது நொடிக்கு ஐந்து தடவை போலக் காற்றை இழுக்கிறது. வெளிவிடும் காற்று மூக்கின் பக்கவாட்டுப் பிளவு வழியாகப் பின்னோக்கிப் போவதால், உள்ளே வரும் புதிய வாடை கலைவதில்லை. மின்னி பக்கத்தில் குந்தி உட்கார்ந்தால் இது காதிலேயே கேட்கும். சும்மா நடக்கும்போது வாய் திறந்த மூச்சு. வாடை தட்டியதும் வாய் டப்பென்று மூடி, தாளம் மாறி, தையல் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அண்ணன் பாதி நேரம் நாயைப் பார்ப்பதே இல்லை, அந்தச் சத்தத்தைத்தான் கவனிக்கிறார்.

ஆனால் நாய் உட்கார்ந்த இடத்திலேயே உடல் இருக்கும் என்று நினைப்பது தவறு. வாடை காற்றோடும் நீரோடும் போகும். காலையில் குளிர்ந்த காற்று சரிவில் கீழே இறங்கும், வெயில் ஏறியதும் மேலே ஏறும். அதே உடலுக்கு நாய் காலையில் பள்ளத்திலும் மதியம் மேட்டிலும் குரல் கொடுக்கும். மழைக்குப் பிறகு உடலின் திரவம் மண்ணுக்குள் ஓடி, சரிவின் கீழே இருக்கும் மரத்தடியில் சேர்ந்து, அங்கே வாடை வெளிவருவதும் உண்டு. நாய் மரத்தைப் பார்த்துக் குரைக்கும், குழி மேலே எங்கேயோ இருக்கும். இறுகிய களிமண் வாடையைப் பூட்டி வைத்துவிடும். அங்கே மெல்லிய இரும்புக் கம்பியால் வரிசையாகத் துளை போட்டு, மண் மூச்சு விடட்டும் என்று காத்திருந்து, பிறகு நாயை விடுவோம். தண்ணீருக்குள் இருக்கும் உடலிலிருந்து வாயுவும் எண்ணெயும் மேலே வரும். நாயைப் படகின் முனையில் நிறுத்தி ஓட்டினால் சில நாய்கள் அந்த இடத்துத் தண்ணீரையே கடிக்கும். நீரோட்டம் எவ்வளவு தள்ளியிருக்கும் என்று கணக்குப் போடுவது மனிதர் வேலை.

மனிதர் வேலையில்தான் பெரும்பாலும் கோளாறு. 2011-ல் கலிஃபோர்னியாவில் லிசா லிட் என்பவரின் குழு வெளியிட்ட ஆய்வை எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரையும் படிக்க வைக்கிறோம். போதைப்பொருளும் வெடிமருந்தும் மோப்பம் பிடிக்கும் 18 நாய்–ஹேண்ட்லர் ஜோடிகள். ஓர் இடத்தில் எதையுமே ஒளிக்கவில்லை. ஆனால் ஹேண்ட்லர்களிடம், இங்கே ஒளித்திருக்கலாம், சில இடங்களில் சிவப்புக் காகிதம் அடையாளமாக இருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். மொத்தம் 144 தேடல். ஒரு தடவைகூட நாய் காட்டியதாக ஹேண்ட்லர் சொல்லாமல் முடிந்தவை 21 மட்டும். நாய்கள் கெட்டவை என்று இதற்கு அர்த்தமில்லை. ஹேண்ட்லர் ஓரிடத்தில் அரை நொடி கூடுதலாக நின்றாலே நாய் அதைப் படித்துவிடும். எஜமானைப் படிப்பதுதானே அதன் பரம்பரைத் தொழில்! ஆகவே எங்கள் சோதனைகளில் ஜாடி எங்கே என்று அண்ணனுக்கும் தெரியாது, கூட நடப்பவருக்கும் தெரியாது. சில நாட்களில் எங்கேயும் ஜாடி இருக்காது. அந்த நாட்கள் அண்ணனுக்குப் பிடிக்காது. "பொழுது வீணாப் போச்சு" என்று முணுமுணுப்பார். என்னைக் கேட்டால் அவைதான் உருப்படியான நாட்கள்.

இதைவிடக் கேவலமும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் பேர்பெற்ற ஹேண்ட்லர் ஒருவர் தேடும் இடத்தில் தானே எலும்பைப் போட்டுவிட்டு, நாய் கண்டுபிடித்ததாகக் காட்டி, மாட்டிக்கொண்டு 2004-ல் சிறைக்குப் போனார். நாய் காட்டியதை உறுதிப்படுத்த எலும்போ ரத்தமோ டிஎன்ஏவோ கிடைக்காதவரை, 'இங்கே தோண்டிப் பாருங்கள்' என்பதற்கு மேல் அதற்கு மதிப்புக் கொடுக்கக் கூடாது என்பதே என் கட்சி. 2017-ல் பசிபிக் தீவான நிக்குமரோரோவில், 1937-ல் விமானத்தோடு காணாமல் போன விமானி அமேலியா இயர்ஹார்ட்டின் மிச்சங்களைத் தேடி நான்கு பார்டர் காலி நாய்களைக் கொண்டுபோனார்கள். நாய்கள் ஓரிடத்தில் அடையாளம் காட்டின. தோண்டியதில் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. உலகமெங்கும் செய்தித் தலைப்பு மட்டும் கிடைத்தது.

அதே சமயம் என் சந்தேகத்தை ஆட்டிப் பார்க்கிற செய்திகளும் உண்டு. குரோவேஷியாவின் த்ர்விஷிட்சா என்ற மலைப்பகுதியில் இரும்புக் காலக் கல்லறைகளைத் தேட நாய்களை விட்டார்கள். ஆய்வு 2019-ல் வந்தது. சுமார் 2,700 வருடப் பழைய கல்லறைகளை நாய்கள் காட்டின, தோண்டியபோது எலும்பு இருந்தது. நுண்துளை நிறைந்த எலும்பும் சுற்றியுள்ள மண்ணும் சேர்மங்களைப் பிடித்து வைத்து மெல்ல மெல்ல விடுவதாக விளக்கம் சொல்கிறார்கள். என் இயந்திரத்தில் அந்த மண்ணைப் போட்டுப் பார்க்க எனக்கு ஆசை.

அதைவிட என் தூக்கத்தைக் கெடுப்பது சாம்பல். 2017-லும் 2018-லும் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ ஊர்களையே விழுங்கியது. முன்பே இறந்து தகனம் செய்யப்பட்ட பெற்றோரின் சாம்பலைக் கலசத்தில் வைத்திருந்த வீடுகளும் எரிந்தன. வீட்டுச் சாம்பலுக்குள் அப்பாவின் சாம்பல். அதைத் தேடித் தரத் தன்னார்வக் குழுவினர் நாய்களோடு போனார்கள். ஒரு தடவை தகன உலையில், இன்னொரு தடவை வீடு எரிந்த தீயில் என்று இரண்டு முறை எரிந்த எலும்புத் தூள். கரிமப் பொருள் எல்லாம் போய்க் கனிமம் மட்டும் மிஞ்ச வேண்டிய பொருள் அது. ஆனாலும் நாய்கள் இடிபாட்டுக்குள் போய் உட்கார்ந்தன. என் படிப்பின்படி அங்கே முகர ஒன்றும் இருக்கக் கூடாது.

அந்தக் குழுவினரின் முறை எனக்குப் பிடித்திருந்தது. நாய் உட்கார்ந்ததும் கண்டுபிடித்தோம் என்று கைதட்டவில்லை. இன்னொரு நாயைத் தனியாகக் கொண்டுவந்து விடுவார்கள். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் கூட வந்த தொல்லியலாளர்கள் கரணையும் தூரிகையுமாக மண்டியிட்டு அடுக்கடுக்காக நீக்குவார்கள். வீட்டுச் சாம்பலின் நிறமும் நயமும் வேறு, எலும்புச் சாம்பலின் நிறமும் நயமும் வேறு. உடைந்த கலசத்தின் ஓடு கிடைத்தால் நல்லது. தகனம் செய்த இடத்தில் எண் பொறித்துச் சாம்பலோடு போட்டுவிடும் சிறிய உலோகத் தகடு கிடைத்தால் இன்னும் நல்லது. அதைத் துடைத்து, எண்ணைப் படித்து, குடும்பத்தாரின் காகிதத்தோடு ஒப்பிட்ட பிறகுதான் கையில் கொடுப்பார்கள்.